வீட்டு வீடியோத் தொகுப்புக் கணினி

கேமராவில் எடுத்த காட்சிகளை வீட்டு மேசையிலேயே வெட்டி ஒட்டி, பாட்டும் எழுத்தும் சேர்த்து முடித்துத் தரும் கணினி. நம் பக்கத்தில் இதை வளர்த்துவிட்டவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள்.

முன்பு இரண்டு விசிஆர்தான் எடிட்டிங் மேசை. தாலி கட்டுக்கு முன்னால் விட்டுப்போன நாதஸ்வரக் காட்சியைச் செருக வேண்டுமென்றால், அங்கிருந்து கடைசிவரை மறுபடி பதிய வேண்டும். நகலுக்கு நகல் பட்டுப்புடவை சாயம் போகும்.

அமெரிக்காவில் 1985-இல் வந்த கமடோர் அமிகா கணினிக்கு, 1990-இல் நியூடெக் நிறுவனம் வீடியோ டோஸ்டர் என்ற அட்டையை விற்றது. அங்கே புகழ் பெற்ற அந்த அட்டை என்டிஎஸ்சி (NTSC) தொலைக்காட்சி முறைக்கானது. பால் (PAL) முறை வழங்கிய இந்தியாவில் அதற்கு வேலை இருக்கவில்லை. 1989-இல் வந்த அவிட் என்ற தொகுப்புக் கருவி, காட்சிகளை வட்டில் ஏற்றி எந்த வரிசையிலும் அடுக்க வழிசெய்தது. 1994-இல் வெளியான ‘மகாநதி’, அவிட்டில் தொகுத்த முதல் இந்தியப் படமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவிட்டின் விலை ஸ்டுடியோக்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

வீட்டுக்கு வழிவிட்டது 1995-இல் வந்த டிவி (DV) டிஜிட்டல் கேசட்டும், கேமராவைக் கணினியோடு இணைக்கும் பயர்வயர் கம்பியும். படம் கேமராவிலேயே எண்களாகப் பதிவானதால், கணினிக்கு ஏற்றும்போது தரம் குறையவில்லை. இடம்தான் போதவில்லை: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. ஐமூவி மென்பொருளோடு 1999-இல் வந்த ஐமேக் டிவியின் வட்டோ 10 ஜிபி! விண்டோஸிலும் ஃபேட்32 வட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. பதினெட்டு நிமிடம் சொச்சத்தில் கேப்சர் நின்றுவிடும்.

நம் பக்கத்தில், திருவனந்தபுரத்தில் இந்தத் தொழிலுக்கு முன்பே அடித்தளம் இருந்தது. அங்கே திருவல்லத்தில் கேரள அரசின் சித்ராஞ்சலி ஸ்டுடியோ 1980-இல் வந்தது. 1985-இல் நகரில் தூர்தர்ஷன் நிலையம். 1988-இல் தொடங்கிய சி-டிட் என்ற அரசு மையம், திருவல்லத்தில் வீடியோத் தயாரிப்புப் பயிற்சியும் தருகிறது. ஸ்டுடியோவில் மட்டும் இருந்த கைத்திறன் வீட்டு அறைக்கு இறங்க, கணினி விலை குறைந்ததும் உதவியது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கல்யாண ஸ்டுடியோக்களில் பிரீமியர் தொகுப்பு மென்பொருளோடு எடியஸும் பரவியது.

இன்று டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் ஒரு பதிப்பு இலவசம். 2020-இல் வந்த எம்1 சிப் மடிக்கணினியே 4கே காட்சியைத் தாங்குகிறது. சின்ன வீடியோக்களுக்குக் கைபேசி போதும். புதிதாக வாங்குகிறவர் பிராசசரோடு வட்டையும் விசாரிப்பது நல்லது; வேலைக்கு ஓர் எஸ்எஸ்டி, காப்புக்குத் தனியாக ஒன்று.

பீரோவில் மினிடிவி கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் பயர்வயர் ஆதரவு இல்லை. பயர்வயர் துளை உள்ள பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் கேசட்டுகளை ஏற்றிவிடுங்கள்.