தேக்குப் பெட்டிக்குள் பாட்டும் படமும்

திருப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பனியன்தான். அவிநாசி ரோட்டில் அனுப்பர்பாளையத்துக்குள் நுழைந்தவர்களுக்கு இன்னொரு திருப்பூர் தெரியும். இங்கே பித்தளையும் செம்பும்தான் பேச்சு. கல்யாணச் சீருக்குப் போகும் அண்டாவும் தைப்பொங்கலுக்குப் போகும் பானையும் இங்குள்ள பட்டறைகளில் அடிபட்டு, பற்று வைக்கப்பட்டு, பாலிஷ் ஏறிக் கிளம்பும். என் அம்மாவின் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கில் அப்புச்சி, அப்படி ஒரு பட்டறை வைத்திருந்தார். ஒரு பொங்கல் சீசன் நன்றாகப் போன கையோடு கோயமுத்தூர் போய் ஒரு பிலிப்ஸ் ரேடியோகிராம் வாங்கிவந்தார்.

வருடம் 1968. அதற்குச் சாட்சி, இசைத்தட்டு வைக்கும் அறையில் கிடந்த லைசென்ஸ் புத்தகம். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருப்பவர் தபாலாபீசில் ஆண்டுக் கட்டணம் கட்டி முத்திரை வாங்கவேண்டும். 1980-களின் நடுவில் அரசு அந்த வழக்கத்தை நிறுத்தும்வரை அப்புச்சி ஒரு வருடம்கூடத் தவறவில்லை. பட்டறைக் கணக்கில் கடன் நின்ற வருடங்களிலும் முத்திரை இருக்கிறது. பெட்டி அவருக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தப் புத்தகம் யாரையும்விட நன்றாகச் சொல்லும்.

நான்கு கால், தேக்குத் தோல் ஒட்டிய உடம்பு, முன்புறம் பொன்னிழை ஓடிய துணி, அதன் விளிம்பில் பித்தளைப் பட்டை. மூடியைத் தூக்கினால் 16, 33, 45, 78 என நான்கு வேகத்தில் சுற்றும் தட்டு. உள்ளே வால்வு ரேடியோ. இடது வலது என இரண்டு ஸ்பீக்கர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளியீட்டு வால்வு. வால்வுகள் சிலவற்றில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை. இசைத்தட்டுகள் கல்கத்தா டம்டம்மில் அச்சானவை. கோயமுத்தூர்ச் சீமைக்கு ரேடியோ புதிதும் அல்ல. ஐந்து வால்வு செட்டை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று கோயமுத்தூர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு அறிவித்தது 1941-இல். ஆனாலும் ஒரு பட்டறைக்காரர் வீட்டில் ஸ்டீரியோ என்பது தெருவே வந்து பார்க்கும் விஷயம். சாயங்காலம் சுத்தியல் சத்தம் ஓய்ந்ததும் ஆட்கள் கைகால் கழுவித் திண்ணையில் உட்காருவார்கள். சிற்றலையில் இலங்கை வானொலி அலையடித்து அலையடித்து வரும். முள் சரியான இடத்துக்கு வந்ததும் பச்சை விளக்கின் இரண்டு இதழும் ஒன்றையொன்று நெருங்கும். அந்த விளக்கைப் பார்க்கவே நாங்கள் முன்வரிசையில் இடம் பிடிப்போம்.

பெட்டியின் அடுத்த பிறவி 1984-இல் தொடங்கியது. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-லேயே வந்துவிட்டது. எங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. 1984-இல்தான் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்களை நாளுக்கொன்று என்ற வேகத்தில் திறந்தார்கள். எங்கள் ஊருக்கும் படம் வரத்தான் போகிறது என்று அப்புச்சி நம்பினார். சென்னையில் உறவுக்காரர் ஒருவர் கலர் டிவிக்கு மாறியதால் கைமாறிய கறுப்பு வெள்ளை சாலிடேர் செட் ஒன்று, பாத்திரம் ஏற்றிப்போய்ச் சும்மா திரும்பிய லாரியில், வைக்கோலுக்குள் படுத்து வந்தது. சாலிடேரும் டயனோராவும் சென்னையிலேயே தயாரானவை. தமிழ்நாட்டு வீடுகளுக்கு டிவி என்ற பொருளை அறிமுகம் செய்ததில் அந்த இரண்டு பெயர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

டிவியைத் தனியாக வைக்க அப்புச்சிக்கு மனம் வரவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு, ரேடியோகிராமின் இசைத்தட்டு அறைக்கு மேலே தேக்கில் ஒரு மாடம் எழுப்பி, மடக்குக் கதவு போட்டு, உள்ளே டிவியை உட்கார வைத்துவிட்டார். கடையில் இப்படி ஒரு பொருள் விற்கவே இல்லை. அமெரிக்க வீடுகளில் டிவி, ரேடியோ, இசைத்தட்டு மூன்றும் ஒரே மரப்பெட்டியில் வந்ததுண்டு. அப்புச்சி அவற்றைப் பார்த்திருக்க வழியில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர், கூரைமேல் தெற்கே கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையத்தைப் பார்த்தபடி நெட்டுக்குத்தலாக ஒரு ஆன்டெனா. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் படம் புள்ளி புள்ளியாகக் கலைந்தாலும், ஓசை மட்டும் அந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் வழியாகத் தெருமுனைவரை கேட்கும்.

பிறகு கேபிள் வந்தது. 2006-க்குப் பின் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாக வந்தது. பெட்டிக்கு மேலே சாமிப் படம் ஏறியது, உள்ளே பழைய பில் கட்டு சேர்ந்தது. அப்புச்சி போன பிறகு, வீட்டைப் பிரித்தபோது, அது என் பங்குக்கு வந்தது. உண்மையில் வேறு யாரும் கேட்கவில்லை. நான் கேட்டு வாங்கினேன்.

பின்பலகையைக் கழற்றியதும் தெரிந்தது ஊர்தான். பனியன் கம்பெனிகளின் பஞ்சு கம்பளமாகப் படிந்திருந்தது. அதற்குள் பாலிஷ் பட்டறையின் கறுப்புத் தூள். பஞ்சு மட்டும் என்றால் ஊதிவிடலாம். பாலிஷ் தூளில் உலோகம் கலந்திருக்கிறது. உயர் மின்னழுத்தம் ஓடும் இடத்தில் ஈரத்தோடு சேர்ந்தால் மின்சாரத்துக்கு அதுவே பாதை. மெல்லிய தூரிகையால் உள்ளேயிருந்து வெளியே தள்ளித் தள்ளி எடுத்தோம்.

எடுத்தோம் என்றது, திருப்பூரில் வால்வு ரேடியோ காலத்திலிருந்து தொழில் பார்க்கும் ஒரு பெரியவரையும் சேர்த்து. பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “ஏனுங் தம்பி, இதை எந்த வருசத்துக்குத் திருப்பணும்ங்?”

வேலை முழுவதையும் அந்தக் கேள்விதான் நடத்தியது. 1968-க்குத் திருப்பினால் ஆசாரியின் மாடத்தை அறுத்தெறிய வேண்டும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். கம்பெனி கொடுத்தபடி இருந்தால்தான் விலை. அவர்கள் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. கம்பெனி இந்த மாதிரியில் எத்தனையோ பெட்டி செய்திருக்கும். அப்புச்சி செய்தது இந்த ஒன்றுதான். “எம்பத்தஞ்சுங்கய்யா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பைக்குள்ளிருந்து சீரீஸ் பல்பை எடுத்தார்.

பல வருடம் தூங்கிய வால்வு செட்டை நேராக மின்சாரத்தில் செருகக் கூடாது. ஒரு குண்டு பல்பை வழியில் வைத்துக் கொடுக்க வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து செட்டைக் காப்பாற்றும். எங்கள் பல்பு பளீரென்றுதான் எரிந்தது. மின்வடிகட்டிக் கண்டன்சர் காய்ந்து போயிருந்தது. காகிதக் கண்டன்சர்கள் கசிந்திருந்தன. அவற்றில் முக்கியமானது வெளியீட்டு வால்வுக்கு முன்னால் இருப்பது. அது கசிந்தால் முந்தைய வால்வின் நேர்மின்னழுத்தம் உள்ளே போய், வெளியீட்டு வால்வு சூடேறி, கூடவே டிரான்ஸ்பார்மரையும் கொன்றுவிடும். சென்னை ரிச்சி தெருவில் புதியவை வாங்கினோம். பழைய உறைகளைக் குடைந்து, புதியதை உள்ளே மறைத்து வைப்பவர்கள் உண்டு. பெரியவர் மறுத்தார்: “மாத்துனது தெரியட்டும்ங். நாளைக்கு இன்னொருத்தன் தொறப்பான், அவன் ஏமாறக்கூடாதுங்.”

பற்று வைக்கும்போது பக்கத்துத் தெருவில் ஈயம் பூசும் ஒருவர் வந்து நின்று பார்த்தார். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பு ஏறும் என்பதால்தான் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். நெருப்பில் காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்து, பஞ்சால் ஒரே வீச்சில் பரப்புவார்கள். எங்கள் சால்டரிலும் அதே வெள்ளீயம்தான், கொஞ்சம் காரீயம் கலந்தது. 63-க்கு 37 என்று சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். தனி வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும். “நவச்சாரம் போடலீங்களா?” என்று அவர் கேட்டார். ரேடியோவில் போடக் கூடாது. பாத்திரத்தை அப்புறம் கழுவிவிடலாம், சேசிஸைக் கழுவ முடியாது. தங்கிய நவச்சாரம் செம்புக் கம்பியை அரித்துவிடும். இங்கே அந்த வேலையைச் செய்வது பைன் மரத்துப் பிசின். அதைச் சொன்னதும் அவர் கம்பியை வாங்கி முகர்ந்து பார்த்தார். உலோகத்தின் மேல்தோலை நீக்கினால்தான் ஈயம் பிடிக்கும் என்ற அடிப்படை இரண்டு தொழிலுக்கும் ஒன்று. அவர் இரண்டு பற்று வைத்தார். ஒன்றில்கூட, ஈயம் சரியாகப் பிடிக்காத ‘குளிர்ந்த மூட்டு’ இல்லை.

டிவிப் பக்கம்தான் எங்களை நிறுத்தி யோசிக்கவைத்தது. அக்காலத்து வால்வு டிவிகள் பலவற்றைப் போல இதன் சேசிஸுக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் டிரான்ஸ்பார்மர் கிடையாது; பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸிலேயே மின்சாரம் நிற்கும். ரேடியோகிராமுக்கோ டிரான்ஸ்பார்மர் உண்டு. இந்த இரண்டையும் ஒரு ஓசைக் கம்பியால் நேராக இணைத்திருந்தால் இசைத்தட்டுக் கையைத் தொட்டவருக்கே ஷாக் அடித்திருக்கும். வீட்டில் யாருக்கும் அடித்ததில்லை. ஏன் என்று தேடியபோது மாடத்தின் அடியில், பிசின் துணி சுற்றிய ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் கிடைத்தது. கையால் சுற்றியது. ஓசை மட்டும் காந்தப்புலத்தின் வழியாக அந்தப் பக்கம் போகும், மின்சாரம் போகாது. அன்றைக்கு அதைச் சுற்றிய மெக்கானிக் யார் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. குழந்தைகள் முன்வரிசையில் உட்காரும் வீடு என்று பார்த்துச் செய்திருக்கிறார். பெட்டியிலேயே நான் அதிகம் மதிக்கும் பாகம் அதுதான். இன்சுலேஷனைச் சோதித்தோம், நன்றாக இருந்தது, அப்படியே விட்டோம்.

படக்குழாயைத் தொடுமுன் அதில் தேங்கிய மின்னழுத்தத்தை இறக்கினோம். அணைத்த பிறகும் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். கண்டன்சர்கள் மாறியதும் படக்குழாய்க்கான உயர் மின்னழுத்தம் (ஈ.எச்.டி.) உயிர்பெற்றது. 625 கோடு, நொடிக்கு 25 படம், பெருக்கினால் 15,625. டிவி அந்த அதிர்வெண்ணில்தான் கீச்சென்று கத்தும். எனக்கும் பெரியவருக்கும் காதில் விழவில்லை. என் தங்கை மகள் அடுத்த அறையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு வந்ததில்தான் செட் ஓடுகிறது என்று தெரிந்தது. திரையில் வெளிச்சம் அதற்குப் பிறகே பரவியது. குழாய் கொஞ்சம் களைத்திருக்கிறது. கதவைச் சாத்திய அறையில்தான் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. தூர்தர்ஷன் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பை 2022-க்குள் ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிட்டதால், ஆன்டெனாவுக்கு இனி வேலையில்லை. கேபிள் பெட்டியின் படத்தைப் பழைய சேனலுக்கு மாற்றித் தரும் சிறு மாடுலேட்டர் ஒன்றை நடுவில் வைத்திருக்கிறோம்.

ஸ்பீக்கர் துணி நைந்துபோயிருந்தது. துணி ஊரில் துணிக்கா பஞ்சம் என்று நினைப்போம். ஆனால் பின்னலாடைத் துணி இதற்கு ஆகாது. கண்ணி கண்ணியாகப் பின்னியது இழுபடும், கொஞ்ச நாளில் தொய்யும். பாவும் ஊடும் குறுக்கிட்டு நெய்த, இடைவெளி விட்ட தறித் துணிதான் சட்டத்தில் விறைப்பாக நிற்கும், ஓசையையும் விடும். சென்னிமலையில் ஒரு கைத்தறிக்காரர் பொன்னிழை வைத்துத் தேவையான அளவுக்கு நெய்து கொடுத்தார். பித்தளைப் பட்டையைப் பாலிஷ் பட்டறைக்குக் கொண்டுபோனோம். சக்கரத்தில் கொடுத்தால் விளிம்பு மழுங்கிவிடும் என்று அவர்களே சொல்லி, புளி போட்டுக் கையால் தேய்த்துத் தந்தார்கள். மரத்துக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, மெல்லிய பூச்சாகப் பலமுறை. சாமிப் படத்து விளக்கு சுட்ட வட்டத் தழும்பை அம்மா தேய்க்க விடவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. 78 தட்டுகளுக்கு அகலமான தனி ஊசி வேண்டும். இருப்பது உடைந்துவிட்டது, பொருத்தமானது கிடைக்கவில்லை. அதுவரை 33-ம் 45-ம் மட்டும் ஓடுகின்றன. மாற்றிய கண்டன்சர்களின் மதிப்பையும் மாடத்துக்கு அடியில் உள்ள டிரான்ஸ்பார்மரின் இணைப்பையும் பெரியவர் ஒரு தாளில் படமாகப் போட்டுக் கொடுத்தார். டிவி சேசிஸில் மின்சாரம் நிற்கும், பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதே என்று அதன் தலைப்பில் சிவப்பு மையில் எழுதி, பின்பலகையின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.