பார்வை மான்

காட்டு மானை வரவழைத்துப் பிடிக்க வேட்டுவர் பழக்கிய மானுக்குப் 'பார்வை' என்று பெயர். தன்னினம் நிற்கும் இடத்தில் அபாயமில்லை என்று நம்பி வருவதே அகப்படும். எயினர் முற்றத்து விளாமரத்தில் இத்தகைய மான் கட்டப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. மழையற்ற காலத்திலே, நீருண்ண வரும் பன்றிக்காக அவர்கள் நள்ளிரவிற் குழியில் ஒளிந்திருந்ததையும் கூறுகின்றது. புலவர் உருத்திரங்கண்ணனார் இதனைப் பழிக்கவில்லை. நிலத்தைக் கிளறிப் புல்லரிசி தேடி, உவர்நீரில் உலையேற்றிய அக்குடியின் வறுமையையும் அவர் கண்டிருந்தார். வள்ளுவர் நோக்கு வேறு. தவவேடத்தில் மறைந்து தீமை செய்வோனுக்கு, புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனையே உவமையாக்கினார். அவர் கடிந்தது போலித் துறவியைத்தான். ஆயினும் வஞ்சகத்துக்கு உவமை தேடியபோது, நேர்நின்று அம்பெய்யும் வேடன் அவர் நினைவுக்கு வரவில்லை.