சொன்னவள் பெயர் இல்லாத சொல்

பள்ளிக்கரணையில் நான் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றுக்கும் கீழே தினம் ஒரு பொன்மொழி. ஒருநாள் தாளில் இப்படி இருந்தது: மீனைக் கொடுத்தால் ஒருநாள் பசி தீரும், மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் வாழ்நாள் பசி தீரும் – சீனப் பழமொழி. சதுப்புநிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் கொடுத்துவிட்ட ஊரில் நின்று இதைப் படித்தபோது, மீன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் நீர் வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு தேடிப் பார்த்தேன். பழைய சீன நூல்களில் இதற்கு உறுதியான மூலம் இல்லை. அச்சில் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் 1885இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலில் இருக்கிறது. எழுதியவர் ஆன் தாக்கரே ரிச்சி, நாவலாசிரியர் தாக்கரேயின் மகள். ஒரு பெண் எழுதிய வாக்கியம் அவள் பெயரை எங்கோ வழியில் உதிர்த்துவிட்டு, சீனம் என்ற தூரத்தையும் பழமொழி என்ற வயதையும் பூசிக்கொண்டு எங்கள் கடைச் சுவருக்கு வந்திருக்கிறது. சொன்னவர் யாரென்று தெரியாமல் போனால்தான் ஒரு சொல் காலம் கடந்ததாகிறது.

தொல்காப்பியத்துக்கு இந்த மயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நுண்மை, சுருக்கம், தெளிவு, எளிமை ஆகியவற்றைப் பழமொழிக்கு இலக்கணமாகச் சொல்லும் செய்யுளியல், கூடவே ஒன்றையும் சொல்கிறது: பேசுபவர் கருதிய பொருளை நிலைநாட்டுவதற்குக் காரணமாக வருவது முதுமொழி. அதாவது, அங்கே ஒரு வழக்கு நடக்கிறது. ஒருவர் பேசுகிறார், இன்னொருவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருக்கிறது. பழமொழி அந்த வழக்கில் அழைக்கப்படும் சாட்சி. சாட்சி என்றால் யார் தரப்புச் சாட்சி என்று கேட்கத்தான் வேண்டும்.

‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்’ யார் தரப்பு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சீனத்தில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: சேவலைக் கட்டினால் சேவலின் பின்னே போ, நாயைக் கட்டினால் நாயின் பின்னே போ. இரண்டு மொழிகளுக்கும் நடுவே இமயமும் கடலும் கிடக்க, இரண்டு வீடுகளிலும் பெண்ணுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே. இதை மானுடத்தின் பொது ஞானம் என்று ஒருவர் எழுதக்கூடும். வேலை ஒன்றாக இருந்ததால் கருவியும் ஒன்றாக இருந்தது என்று நான் எழுதுவேன்.

இதைவிடச் சுவையானது, இந்தப் பழமொழிகளைக் காப்பாற்ற வருபவர்களின் ஒற்றுமை. நம் பட்டிமன்ற மேடைகளில் கேட்டிருப்பீர்கள்: அது ‘கல்’ அல்ல, ‘கல்லான்’, படிக்காதவன், அது ‘புல்’ அல்ல, ‘புல்லன்’, கீழ்மகன், உண்மைப் பொருளை நாம்தான் மறந்துவிட்டோம். கைதட்டல் எழும். சீனத்திலும் இதே வித்தை நடக்கிறது. அது சேவல் அல்ல, பிச்சைக்காரன். நாய் அல்ல, கிழவன். ஒலி மருவிவிட்டது என்று அங்கே விளக்குகிறார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். கல்லைக் கட்டிக்கொண்டு வாழ் என்பதற்குப் பதிலாகக் கீழ்மகனைக் கட்டிக்கொண்டு வாழ் என்று சொல்லிவிட்டால் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? கல்லாவது அடிக்காது. ‘பெண்புத்தி பின்புத்தி’க்கும் ‘பின்னால் வருவதை முன்கூட்டியே அறியும் புத்தி’ என்று பாராட்டுரை எழுதிவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் வாயை அடைக்க அதைச் சொன்னபோது யாரும் அந்தப் பொருளில் சொல்லவில்லை, அந்தப் பெண்ணும் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் பெண்களே சொன்ன சொற்கள் என்று நம்மிடம் தரப்படுபவை இருக்கின்றனவே? அங்கேதான் கதை சிக்கலாகிறது. சீனத்தின் பான் சாவ் கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் ஹான் அரசவையில் வாழ்ந்தவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். அண்ணன் பான் கு 92இல் சிறையில் இறந்தபோது பாதியில் நின்ற ஹான் வரலாற்று நூலை முடிக்கும் பணியை ஏற்றார். மா ரோங் போன்ற அறிஞர் அந்த நூலை அவரிடம்தான் பாடம் கேட்டார். அதே பான் சாவ் பெண்களுக்கு ஏழு அதிகாரங்களில் ஓர் அறிவுரை நூலும் எழுதினார். பணிவு, கணவன் சொல், மாமியார் மனம் கோணாமை எல்லாம் அதில் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் கல்வி தந்து பெண்பிள்ளைகளை விட்டுவிடுவது சரியா என்ற கேள்வியும் அதே நூலில் உண்டு. பின்வந்த நூற்றாண்டுகள் பணிவை மனப்பாடம் செய்தன, கேள்வியை ஓரமாக வைத்தன. மிங் காலத்தின் இறுதியில் ‘திறமையின்மையே பெண்ணுக்கு அறம்’ என்பது பழமொழியாகவே உலவத் தொடங்கியது. 1907இல் தோக்கியோவிலிருந்து எழுதிய பெண்ணியர் ஹே-யின் ஜென், பான் சாவைப் பெண்குலத்துக்கு இரண்டகம் செய்தவராகவே கண்டு தாக்கினார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் வரலாறு எழுதிய பெண்ணை வரலாற்றிலிருந்து கழற்றி எடுத்து அறிவுரை சொல்லும் ஆளாக மட்டும் நிறுத்தியவர்கள்மேல்தான் என் கோபம் அதிகம் போகிறது.

ஏனென்றால் ஔவைக்கும் இதைத்தான் செய்தோம். சங்கப் பாடல்களில் ஔவையார் பெயரில் 59 இருக்கின்றன. அதியமானோடு கள் பகிர்ந்தவர், அவன் தூதராக நம்முடைய இந்தத் தொண்டைநாட்டின் தொண்டைமானிடம் வந்து படைக்கலக் கொட்டிலின் பளபளப்பைப் புகழ்வதுபோல் இகழ்ந்தவர். நீதிநூல்களின் ஔவையார் பல நூற்றாண்டுகள் பிந்தியவர், வேறொருவர். பொதுப்புத்தியில் இருவரும் ஒரே பாட்டி, கையில் கோல், நெற்றியில் நீறு. அந்தப் பாட்டியின் ஆத்திசூடியில்தான் பெண் பேச்சைக் கேட்காதே என்ற கட்டளையும் வருகிறது. ஒரு பெண் அதைச் சொல்கிறாள் என்றால் அவளுடைய அந்தச் சொல்லையும் கேட்கக் கூடாதல்லவா என்று ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு மாணவியாவது கேட்டுவிடுவாள். பாரதி 1914இல் தன் புதிய ஆத்திசூடியில் அந்த வரியின் இடத்திலேயே பெண்ணை உயர்த்தச் சொல்லி எழுதினார். பழைய வரிக்குப் புதுப்பொருள் கண்டுபிடிக்கும் வேலையை அவர் செய்யவில்லை. மாற்றி எழுதினார், அவ்வளவுதான்.

வாய்மொழியில் உலவியவை அச்சுக்கு வந்தது பெரும்பாலும் ஆண்களின் கைவழியே. பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தொகுப்பு, 1874இல் சென்னையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு விரிந்தது. 1894இல் ஜான் லாசரஸ், 1897இல் டேனிஷ் மிஷனரி ஹெர்மன் ஜென்சன். சீனத்தில் இதே வேலையை ஆர்தர் ஸ்மித் செய்து 1888இல் நூலாக்கினார். இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் தொகுக்காமல் போயிருந்தால் பல தொலைந்திருக்கும். ஆனால் அகரவரிசையில் அடுக்கப்பட்ட பழமொழிக்கு அடுப்பங்கரை கிடையாது. அடக்கியவரின் சொல்லும் அடங்கியவரின் சொல்லும் அடுத்தடுத்த எண்களில் ஒரே குரல்போல் நிற்கின்றன.

ஒரே குரல் அல்ல. கால்களைக் கட்டிக் குறுக்கிய காலத்துச் சீனத்தில் ஒரு சொல் இருந்தது: ஒரு சோடிச் சின்னக் கால், ஒரு சாடிக் கண்ணீர். இது அறிவுரையே இல்லை. சாடியை நிரப்பியவளுக்குத்தான் அதன் கொள்ளளவு தெரியும். இன்னொன்று: பல ஆண்டு மருமகள் வெந்து வெந்து மாமியார் ஆகிறாள். நாம் ‘மாமியாரும் ஒரு வீட்டு மருமகளே’ என்கிறோம். சீனத்துச் சொல்லில் அடுப்பும் கொதியும் கூடுதலாக இருக்கின்றன. அதிகாரம் தனக்கு வரும்வரை காத்திருந்து, வந்ததும் அடுத்தவள்மீது செலுத்தும் ஏற்பாட்டை நான்கைந்து சொற்களில் சொல்லிவிடுகிறது. எங்கள் ஆய்வேடுகள் இதற்கு நாற்பது பக்கம் எடுத்துக்கொள்ளும், என்னுடையது உட்பட.

இந்த ஆண்டு வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் கேட்ட ஒரு பழமொழியை எழுதுங்கள். பக்கத்தில் சொன்னவர் யார், யாரிடம், எப்போது என்று எழுதுங்கள். ‘அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு’ மூன்று தாள்களில் இருந்தது. மூன்றிலும் சொன்னவர் பெரியப்பா, சித்தப்பா, தாத்தா. மூன்றிலும் எப்போது என்ற இடத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். ‘பொம்பளை சிரிச்சா போச்சு’ எழுதியவள், சொன்னவர் பாட்டி என்றும், அப்போது வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் எழுதியிருந்தாள்.

மேடவாக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் தாளில் ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ இருந்தது. சொன்னவர்: அம்மா. எப்போது: ராத்திரி பாத்திரம் கழுவும்போது. யாரிடம் என்ற இடத்தில், யாரிடமும் இல்லை, குழாய் திறந்திருந்தது என்று எழுதியிருந்தாள்.