மூக்கிலிருந்து பிடரிவரை

அதன் வீடு நம் மூக்கு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, நலமாக நடமாடுகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கினுள் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் புழுக்கத்தில் துன் சம்பந்தன் சாலையை நடந்து கடக்கிறோம். மூக்கைத் துடைத்த விரலாலேயே பிடரியைச் சொறிகிறோம். சட்டைக் காலர் உரசிக் கன்றிய இடத்தில் ஒரு மயிர்க்கால் வழியே அது உள்ளே இறங்குகிறது. எதிர்க்க வந்த வெள்ளணுக்களும் அதுவும் மடிந்து சேர்வதே சீழ். சூட்டுக் கட்டி என்று சொல்லி இளநீர் வாங்கிக் குடிக்கிறோம். சூடு வியர்வையைத்தான் தரும். கட்டி கிருமியால் வருவது.

1880இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் நோயாளியின் சீழை நுண்ணோக்கியில் வைத்து இக்கிருமியைக் கண்டார். 1928இல் லண்டனில் ஃபிளெமிங் என்ற ஆய்வாளரின் கிருமி வளர்ப்புத் தட்டில் பூஞ்சை அழித்ததும் இந்த இனத்தைத்தான். அங்கே பிறந்த பெனிசிலினுக்கு 1940களிலேயே இது தப்பப் பழகியது. 1961இல் மெத்திசிலின் என்ற மருந்துக்கும் அடங்காத வகை பிரிட்டனில் தென்பட்டது. அதனால்தான், பக்கத்து வீட்டில் மிஞ்சிய கிருமிக்கொல்லி மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குவது என்னைக் கலங்கச் செய்கிறது. மலேசியாவில் இம்மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். அது நம் நன்மைக்கே.

சிறு கட்டிக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், பொறுக்கும் சூட்டில், 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம்; நாளுக்கு மூன்று நான்கு முறை. பெரும்பாலும் தானே பழுத்து உடையும். பிதுக்கினால் சீழ் உள்ளுக்குள் பரவும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பற்றை உடைந்த புண்ணில் வைக்காதீர்கள். சுத்தமான துணிக்கட்டு போதும். காய்ச்சல் கண்டாலும், சிவப்பு படர்ந்தாலும், மூக்கருகிலோ கண்ணருகிலோ கட்டி வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

கிருமியின் அடுத்த பயணம் துண்டில். அண்ணன் துடைத்ததில் தம்பி துடைத்தால் வீடு முழுக்கச் சுற்றும். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சவரக்கத்தி. துண்டை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

திரும்பத் திரும்பக் கட்டி வந்தால் இனிப்பு நீர் இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வெள்ளணுக்களின் வேகம் குறையும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. இந்தியர்களில் 31 விழுக்காடு. சோதித்துப் பார்க்க அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம்; அங்கே குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.