துடுப்பு மரம்: செஞ்சிச் சீமையும் சோழமண்டலக் கரையும்

துடுப்புக்கான மரம் நேராக வளர்ந்திருக்க வேண்டும். முடிச்சு இருக்கக் கூடாது. அலையில் வளைந்து கொடுக்க வேண்டும். வலிப்பவர் தோளுக்குப் பாரமாகவும் ஆகக் கூடாது. இத்தனை குணமும் ஒரே மரத்தில் அமைவது அரிது. ஐரோப்பியர் ஆஷ், ஸ்புரூஸ் மரங்களில் துடுப்பை முழுதாகச் செதுக்கினர். சோழமண்டலக் கரையில் மசூலா என்னும் தையல் படகை ஓட்டியோர் வேறு வழி கண்டனர்: நீண்ட கழி ஒன்று, அதன் முனையில் பொருத்திய பலகை ஒன்று. 1834இல் ஜான் எடி (John Edye) என்பவர் வெளியிட்ட படகு விவரணையிலும் இவ்வமைப்பே காணப்படுகிறது. கட்டுமரத்துக்கோ பிளந்த மூங்கிலே துடுப்பாகப் பயன்பட்டது. இங்கே தேடப்பட்டது உயர்ந்த மரமன்று, வேலைக்குப் பொருந்தும் மரம் என்பதையே இவை காட்டுகின்றன.

கடலோரம் இல்லாத செஞ்சிக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். செஞ்சி நாயக்கர் ஆட்சி கடற்கரை வரை பரவியிருந்தது. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபின், அக்கடற்கரையிலிருந்த தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியதும் மராத்தியரிடமிருந்துதான். ஆக, அக்கரைக்குச் செஞ்சியே உள்நாடு. ஆனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி போன்ற குன்றுகளில் உள்ளவை கருங்கற்பாறையும் முட்புதரும்; நெடுமரக் காடு இல்லை. செஞ்சிப் பக்கத்துச் சங்கராபரணியும் மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறு. ஆண்டு முழுதும் அதில் மரம் மிதக்கவிட முடியாது. நீண்ட மரத்துக்குப் பஞ்சமான நாட்டில் கழியையும் பலகையையும் தனித்தனியே தேடுவதே அறிவுடைமை.

கழியில் பலகை பொருத்திய இத்துடுப்பை வறுமையின் ஒட்டுவேலை என்று தள்ளுவோர் உண்டு. ஆனால் இயற்கைத் துறைமுகம் இல்லாத அக்கரையில் படகு அலையடிப்பைத் தாண்டியே கடலுக்குப் போக வேண்டும். பலகை உடைந்தால் வேறு பலகை பொருத்தலாம், கழி வீணாகாது. முழுமரத் துடுப்பு முறிந்தால் மொத்தமும் போயிற்று. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகும் இதே சிந்தனையில் பிறந்ததுதான்: இறுகி நின்று உடைவதைவிட நெகிழ்ந்து தாங்குவது மேல்.

19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின் விறகுக்காகச் சென்னை மாகாணத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகின. செஞ்சி அடங்கிய தென்னார்க்காட்டின் கரையோர மணலில் நேர்க்கழி எளிதாகக் கிடைக்கலாயிற்று. சவுக்கு கனமானது, காய்ந்தால் வெடிக்கும் என்பது மெய்யே. இளங்கழியைத் தேர்ந்து நிழலில் உலர்த்தினால் இக்குறை பெரிதும் குறையும். மரத்தின் பெயரைவிட அதன் வயதும் பக்குவமும் முக்கியம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகும் மோட்டாரும் பெருகித் துடுப்பின் தேவை சுருங்கிவிட்டது. ஆயினும் கிடைக்கும் மரத்தின் இயல்பறிந்து கருவியை வடிவமைத்த இக்கரையோரின் அறிவு, படகுக் கலை வரலாற்றில் முறையாகப் பதிவுபெற வேண்டிய ஒன்று.