சால் விலகிய ஏர்

டெலிரியம் என்ற சொல் பிறந்தது வயற்காட்டில். பழைய ரோமானியர் பேசிய லத்தீனில் 'லிரா' என்றால் உழும்போது சாலோடு எழும் மண்வரி. மாடு மிரண்டோ மேழி பிடித்த கை தளர்ந்தோ ஏர் அந்த வரியை விட்டு விலகினால் அது 'டெலிராரே'. முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவரையும் அந்த மக்கள் அதே வினையால் சொன்னார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கெல்சுஸ் தம் மருத்துவ நூலில், காய்ச்சலில் புத்தி தடுமாறுவதற்கு இந்தச் சொல்லை எடுத்தாண்டார். உழவர் பேச்சு நோயின் பெயராயிற்று.

நோய் அந்தச் சொல்லைவிடப் பழையது. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க ஏடுகள், கடுங்காய்ச்சல்காரர் வெறுங்காற்றில் எதையோ பிடிக்கக் கையால் துழாவுவதையும் போர்வையில் நூல் பிடுங்குவதையும் கெட்ட குறிகளாகச் சொல்கின்றன. நம் வீடுகளில் இதற்கு ஜன்னி என்று பெயர். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைச் சொல்லும் 'சன்னிபாதம்' என்ற வடசொல் தேய்ந்து வந்த பெயர் அது. லத்தீன் சொல் நோயாளியின் தடுமாற்றத்தைப் பார்த்தது; நம்முடையது உடம்புக்குள் இருக்கும் காரணத்தைப் பார்த்தது. எனக்கு நம் சொல்லே ஒரு படி மேலாகத் தெரிகிறது.

ஏனென்றால் காரணம் பெரும்பாலும் உடம்பில்தான் இருக்கிறது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர் வற்றல், ஒத்துக்கொள்ளாத தூக்க மாத்திரை என்று எதுவும் போதும். 1813இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சட்டன், குடிகாரர்களுக்கு வரும் நடுக்கத்தோடு கூடிய பிதற்றலைத் தனியாகப் பிரித்து 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்று பெயரிட்டார். ஆனாலும் வெகுகாலம் இந்தக் குழப்பத்துக்கு ஆளுக்கொரு பெயர் வழங்கிவந்தது. 1980இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல்தான் டெலிரியத்துக்குத் தெளிவான இலக்கணம் வகுத்தது.

வார்டில் அதை அடையாளம் காணும் எளிய வழியை 1990இல் ஷேரன் இனூயே என்ற மருத்துவர் தம் குழுவினரோடு வகுத்தார். குழப்பம் திடீரென்று வந்து ஏறி இறங்குகிறதா? கவனம் நிலைக்கவில்லையா? இந்த இரண்டும் இருக்க வேண்டும். கூடவே, பேச்சு கோவையற்றுப் போவது, விழிப்புநிலை மாறுவது ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் டெலிரியம் என்று கொள்ளலாம்.

அறுவைச் சிகிச்சை முடிந்த இரவில் பெற்ற மகளையே யாரென்று கேட்கும் தாத்தாவை "புத்தி பேதலித்துவிட்டது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கத்துகிறவரையாவது கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடக்கும் பாட்டியை "அசந்து தூங்குகிறார்" என்று விட்டுவிடுவதுதான் கொடுமை. அதுவும் இதே டெலிரியமாக இருக்கலாம். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். இது சில மணி நேரத்தில், சில நாளில் வந்துவிடும். "நேற்றுவரை நன்றாகப் பேசினார்" என்று வீட்டார் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரிய தடயம். அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

டெலிரியம் வராமல் தடுக்கவும் முடியும். 1999இல் இனூயே குழு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வை வெளியிட்டது. மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காமல் கொடுப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, எழுப்பி நடத்துவது, இரவில் தூங்கவிடுவது, இன்று என்ன நாள் என்று எடுத்துச் சொல்வது போன்றவைதான் அதில் செய்யப்பட்டவை. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதமாக இருந்த டெலிரியம், இந்தக் கவனிப்பு கிடைத்தவர்களிடம் 9.9 சதவீதமாகக் குறைந்தது.