பிரிந்த 30 வருடம்



லண்டனில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் 'ஒயாசிஸ்' ராக் குழுவின் கச்சேரிப் படம் அனுப்பியிருந்தார். 2009இல் சண்டை போட்டுப் பிரிந்த அண்ணனும் தம்பியும் 2025இல் மறுபடி ஒரே மேடையில். "நம்ம பக்கம் இப்படி உண்டா சார்?" என்று கேட்டார்.

ஏன் இல்லை? விஸ்வநாதன் – ராமமூர்த்தி! பொன்னமராவதிக் கல்யாண வீடுகளில் அவர்கள் பாட்டு ஒலிக்காமல் தாலி ஏறியதில்லை. 1952இல் 'பணம்' படத்தில் சேர்ந்தார்கள். தயாரிப்பாளர் ஏ.எல்.சீனிவாசன், சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனின் அண்ணன். (இதைச் சொல்லாவிட்டால் நம் பக்கத்து ஆட்கள் கோபிப்பீர்கள்.) 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' முடிந்ததும் பிரிவு. காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை. எம்.எஸ்.வி. ஓய்வில்லாமல் இசையமைத்தார். வயலின் மேதை ராமமூர்த்திக்குக் கிடைத்த படங்கள் குறைவு. எனக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு.

சேர்ந்திருந்தது 13 வருடம், பிரிந்திருந்தது 30. 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் இரண்டு பெயரும் மறுபடி சேர்ந்து வந்தன. ஓடிப்போய் கேஸட் வாங்கினேன். ஏமாந்தேன் என்று சொல்ல மனமில்லை. ஆனால் 'ரோஜா' வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்ணதாசன் மறைந்து பதினான்கு வருடம். ஒயாசிஸ் பழைய பாட்டுகளைப் பாடியே மைதானங்களை நிரப்பினார்கள். இவர்களோ புதிதாக மெட்டுப் போட்டார்கள். கஷ்டமான வேலை அது.

2012இல் இருவருக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டத்தை முதல்வர் ஜெயலலிதா வழங்கினார். அடுத்த ஏப்ரலில் ராமமூர்த்தி காலமானார். 2015 ஜூலையில் விஸ்வநாதன்.

அந்தக் கேஸட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஓடுகிற டேப்ரெக்கார்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.